இங்கே வாயால் ஊதிப் பார்ப்பதில்லை

...அதைத்தான் சார் நானும் கேக்குறேன், ஊதுற சாமானை ஊதிப் பாக்காம பின்ன என்ன மோந்தா பாக்குறது? போர்டைப் படிச்சீங்கல்ல? 'இங்கே வாயால் ஊதிப் பார்ப்பதில்லை.' நான் வெச்சதில்ல சார். என் பொண்ணு வெச்சது. கொட்டை எழுத்துல அடிச்சு, லேமினேஷன் போட்டு, புருஷன் கையில குடுத்தனுப்பி, நாலு மூலைக்கும் ஆணி. நாப்பத்தோரு வருஷமா ட்ரம்பெட்டு, ட்ராம்போனு, கிளாரினெட்டு, சாக்ஸபோன்னு ஊதுற வாத்தியம் ரிப்பேர் பண்றவன் கடையில வந்து ஊதக்கூடாதுன்னு போர்டு! நாளைக்கு டெய்லர் கடைக்குப் போயி இங்க யாரும் ஊசி தொடப்படாதுன்னு எழுதி ஒட்டுவா. ஒட்டுவா சார், செய்யக்கூடியவதான்.

உக்காருங்க, உக்காருங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. ஊதாம பாக்குறதுக்கு ஒரு பம்ப்பும் வாங்கிக் குடுத்திருக்கா. அந்தா தொங்குது பாருங்க, ரப்பர் உருண்டையோட... பிரஷர் பாக்குற நர்ஸம்மா மாதிரி புஸ்ஸு புஸ்ஸுன்னு அமுக்கிக்கிட்டு உக்காரணுமாம். காத்து எங்க கசியுதுன்னு அது சொல்லுமாம். சொல்லும் சார், சொல்லாதுன்னு சொல்லல. ஆனா சத்தம் எப்படி இருக்குன்னு சொல்லுமா? பக்கத்துல ஒரு பாட்டில் ஸ்பிரிட்டு வேற. வர்ற மவுத்பீஸ், வாய் வெச்சு ஊதுற அந்த முனை, ஒவ்வொண்ணையும் அதுல முக்கி எடுக்கணுமாம். மூணு வாரம் ஆச்சு, இன்னும் சீல் கூட உடைக்கல. இருக்கட்டும், அழகுக்கு.

உங்க பையனோட ட்ரம்பெட்டு ரெடி. ஸ்கூல் பேண்டுக்குத்தானே? ஒன்பது வயசா! பாத்தாலே தெரியுதே, நடு வால்வு ஏன் இறங்கலைன்னு கழட்டிப் பாத்தா உள்ள பிஸ்கட் தூளு. தின்னுக்கிட்டே ஊதியிருக்காரு தொரை. வாய்ப்பக்கம் ஒரு நசுங்கல் இருந்துச்சு, அதையும் எடுத்தாச்சு, அதுக்குக் காசு வேண்டாம். இருங்க, ஊதிக் காட்டுறேன்... ப்பா... ப்பாம்! கேட்டீங்களா? தேன் மாதிரி வருது. இதைப் பம்ப்பு காட்டுமா? சொல்லுங்க. துடைச்சிடுவோம்... சட்டை முனை எதுக்கு இருக்கு. இந்தாங்க, பிடிங்க. பெட்டி எங்க வெச்சேன்... அந்தா, அதுல வெச்சுக்குங்க.

மணி என்ன சார்? ரெண்டே முக்காலா? அப்ப சரி. நாலு மணிக்கு எனக்கு அப்பாயின்ட்மென்ட்டு. டாக்டர்கிட்ட இல்ல, பேத்திகிட்ட! சிரிக்காதீங்க. குழந்தை பொறந்து இருபத்தி மூணு நாள் ஆகுது, தாத்தாக்காரன் இன்னும் கையில தூக்கல. மூணு தெரு தள்ளித்தான் வீடு. ஆஸ்பத்திரியில கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்தேன், மீன் கடையில பாக்குற மாதிரி. அவ்வளவுதான். மத்தபடி போன்ல போட்டோ. எல்லாரும் தூக்கியாச்சு சார். கீழ் வீட்டு அம்மா தூக்கியாச்சு, மாப்பிள்ளையோட ஆபீஸ்ல கூட வேலை பாக்குறவன் தூக்கியாச்சு, கேஸ் சிலிண்டர் போட வந்தவன் தூக்கலைன்னுதான் நினைக்கிறேன், கேக்கல. நான் மட்டும் காத்திருப்போர் பட்டியல்ல!

இன்னைக்கு நாலு மணிக்குத்தான் உத்தரவு வந்திருக்கு. அதுக்கும் நிபந்தனை. வாசல்லயே கை கழுவணும், முழங்கை வரைக்கும். ஆபரேஷன் பண்ணப் போறேன்ல? அப்புறம் மாஸ்க்கு. அப்புறம், தூக்கலாம், முத்தம் குடுக்கக்கூடாது. கன்னத்துல கூடாது, நெத்தியில கூடாது, கையில கூடாது, கையை அது வாயில வெச்சுக்கும். சரிம்மா, உள்ளங்கால்லன்னு கேட்டேன். 'நீங்க ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்கப்பா'ங்குறா. கடைசியா, கிளம்புறதுக்கு முன்னாடி போன் பண்ணி உதட்டு நிலவரம் சொல்லணும். கொப்புளம் இருக்கா, வெடிப்பு இருக்கா, குறுகுறுன்னு இருக்கா. அவளே மூணரைக்குக் கூப்பிடுவா, நான் மறந்துடுவேன்னு. வானிலை அறிக்கை மாதிரி என் உதட்டுக்கு அறிக்கை!

அவ என்ன டாக்டரான்னு நினைச்சிருப்பீங்க. இல்ல சார், கண்ணாடிக் கடையில கண்ணு டெஸ்ட் பண்றா. இந்த எழுத்து தெரியுதா, அந்த எழுத்து தெரியுதான்னு கேக்குற வேலை. ஆனா பேச்சைக் கேட்டா ஆஸ்பத்திரியே அவளுதுன்னு நினைப்பீங்க.

விஷயம் என்னன்னா... எனக்கு உதட்டுல வரும். இப்ப இல்ல, இப்ப ஒண்ணுமில்ல, சும்மா துடைச்சேன். வருஷத்துக்கு மூணு தடவை, நாலு தடவை இந்தக் கீழுதட்டு ஓரத்துல பொடிப்பொடியா கொப்புளம், கூட்டமா. மொத நாள் குறுகுறுங்கும், ஏதோ மயிர் ஒட்டிக்கிட்ட மாதிரி. மறுநாள் பாத்தா கடுகு கொட்டின மாதிரி நிக்கும். அப்புறம் உடையும், நீர் வடியும், பொருக்கு தட்டும், சிரிச்சா பிளந்துக்கும். பத்து நாள்ல வந்த வழியே போயிடும். வடுவும் இருக்காது. சின்ன வயசுலேருந்து இருக்கு. எங்க அம்மா கரப்பான் நக்கிடுச்சும்பாங்க. எங்க அப்பா உடம்புச் சூடும்பாரு. கரப்பானுக்கு வேற வேலை இல்ல, வருஷத்துக்கு நாலு தடவை, அதே உதடு, அதே ஓரம், விலாசம் தப்பாம வந்து நக்கிட்டுப் போகுது! நானும் அறுபது வயசு வரைக்கும் நம்பினேன் சார். வெண்ணெய் தடவினேன், மஞ்சள் தடவினேன். யாரு கேட்டாலும் சூடு, சூடு, சூடு.

பேத்தி பொறந்த அன்னைக்குத்தான் மாட்டினேன். அன்னைக்குன்னு பாத்து வந்து உக்காந்திருக்கு. ரெண்டு ராத்திரி தூக்கமில்ல, பிரசவ டென்ஷன், அதான். அதுக்கு நேரம் காலம் நல்லாத் தெரியும் சார். காய்ச்சல் வந்தா வரும், வெயில்ல அலைஞ்சா வரும், மனசு சரியில்லைன்னா வரும். என் கல்யாண போட்டோவுல பாருங்க, கர்ச்சீப்பை வாயில வெச்சுக்கிட்டு நிப்பேன். பொண்ணு வீட்டுக்காரங்க மாப்பிள்ளைக்கு ரொம்ப வெக்கம்னு பேசிக்கிட்டாங்க!

சரி, எங்க விட்டேன்... ஆங், ஆஸ்பத்திரி. குழந்தை டாக்டரம்மா உள்ள வந்தாங்க, என் மூஞ்சியப் பாத்தாங்க, ஒரே வார்த்தை. 'ஹெர்பிஸ். வெளிய நில்லுங்க.' அவ்வளவுதான்! எங்க வீட்டம்மா திரும்பி என்னை ஒரு பார்வை பாத்தா சார்... முப்பத்தஞ்சு வருஷம் குடும்பம் நடத்தினவ! நான் ஏதோ கண்ட கண்ட இடத்துக்கெல்லாம் போயிட்டு வந்தவன் மாதிரி. அந்த வார்த்தை கெட்ட வார்த்தைன்னு யாரோ சொல்லி வெச்சிருக்காங்க. காரிடர்ல தள்ளிப் போயி உக்காந்துக்கிட்டா. அப்புறம் டாக்டரம்மாவே கூப்பிட்டு வெச்சு விளக்கினாங்க. அம்மா, இது கீழ வர்ற சங்கதி இல்ல, இது அதோட பங்காளி, ஊர்ல பாதிப் பேருக்கு மேல இருக்கு, நிறைய பேருக்குச் சின்னக் குழந்தையிலயே யாராவது கொஞ்சும்போது வந்திருக்கும், பாதிப் பேருக்கு இருக்குறதே தெரியாதுன்னு. எங்க வீட்டம்மா நல்லாத்தான் கேட்டுக்கிட்டா. ஆனாலும் சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் என் டம்ளரைத் தனியா எடுத்து வெச்சுட்டா.

அது ஒரு பெரிய கூட்டுக் குடும்பம் சார். உதட்டுல வர்றது ஒருத்தன். இடுப்புக்குக் கீழ வர்றது அவன் தம்பி. இவன் அங்க போறதும் அவன் இங்க வர்றதும் உண்டாம், போக்குவரத்து நல்லா இருக்கு. சின்னம்மை இருக்குல்ல, அதுவும் இவங்க வகையறாதான்! எங்க மச்சானுக்கு, வீட்டம்மாவோட அண்ணன், ஏழு வயசுல அம்மை போட்டுச்சாம். போயிடுச்சுன்னு எல்லாரும் நினைச்சாங்க. எங்க போச்சு? முதுகெலும்போரம் நரம்புல படுத்துத் தூங்கியிருக்கு. அம்பது வருஷம்! போன வருஷம் எந்திரிச்சு, இடுப்பைச் சுத்தி பெல்ட்டு கட்டின மாதிரி கொப்புளம். அக்கின்னாங்க. மனுஷன் சட்டை பட்டா அலறினாரு. அவருக்கு வந்தப்போ எங்க வீட்டம்மா என்ன பண்ணா? ஜூஸ் போட்டு எடுத்துக்கிட்டு ஓடினா, 'ஐயோ பாவம் எங்கண்ணன்'னு. எனக்கு வந்தா டம்ளர் தனி. ரெண்டும் ஒரே குடும்பம்தாண்டின்னா, 'எங்கண்ணன் ஊரார் எச்சிலை வாயில வெச்சு ஊதல'ங்குறா. நான் மட்டும் ஆசைக்கா ஊதினேன்? பொழைப்பு சார்.

என்னுது எங்க தூங்குதுன்னு கேட்டேன் டாக்டரம்மாகிட்ட. இங்க சார், காதுக்கு முன்னாடி, தாடைக்கு மேல, உள்ள ஒரு நரம்பு முடிச்சு இருக்காம். அதுல போய்ப் படுத்துக்குமாம். வீட்டோட மாப்பிள்ளை மாதிரி. வேலை வெட்டி கிடையாது, வெளியேத்தவும் முடியாது, வீட்டுல ஏதாவது பிரச்சனைன்னா மட்டும் எந்திரிச்சு வந்து ஹால்ல உக்காந்துக்குவாரு. எங்க மாப்பிள்ளையச் சொல்லல, அவரு தங்கமான மனுஷன், மாஸ்க்கு வாங்கி வெச்சதே அவருதான். அடிச்சுத் தொரத்த மருந்து இல்லையான்னா, இல்லையாம். அடக்கத்தான் மாத்திரையாம். அதுவும் குறுகுறுன்னதுமே போட்டுக்கணுமாம், கொப்புளம் வந்தப்புறம் போட்டா பாதிப் பலன்தானாம். உடம்புக்குள்ள இருக்குறதைப் பிடிக்க வழியில்ல, இவங்க நிலாவுக்கு ராக்கெட்டு விடுறாங்க.

என்ன சார் மணியப் பாக்குறீங்க? அவசரமா? பில்லு எழுதணுமே, இருங்க, அந்தப் புக்கு இங்கதான் இருந்துச்சு... சொல்லிக்கிட்டே தேடுறேன்.

சரி, பத்து நாள்ல பொருக்கு விழுந்துச்சு. போன் பண்ணேன், வரட்டாம்மான்னு. இன்னும் பத்து நாள் போகட்டும்ப்பாங்குறா. புண்ணு ஆறிடுச்சேன்னா, புண்ணே இல்லாட்டியும் சில நாள் எச்சில்ல அது நடமாடுமாம்! அப்புறம் அதுக்குப் புண்ணு எதுக்கு? நானும் விடல சார். ஒரு பாயிண்ட்டு வெச்சிருந்தேன். 'ஏம்மா, உனக்கும்தான் இருக்கு, உனக்கும்தான் எப்பவாவது உதட்டுல வருது, நீ மட்டும் பெத்தவன்னு கொஞ்சலாம், நான் கொஞ்சக்கூடாதா'ன்னு மடக்கினேன். மடக்கிட்டோம்னு நினைச்சேன். அவ நிதானமா சொல்றா, 'எனக்கும் ஒரு நாள் வந்துச்சுன்னா மாஸ்க்குப் போட்டுக்கிட்டுத்தான்ப்பா பால் குடுப்பேன், முத்தம் குடுக்க மாட்டேன்'னு. போனை வெச்சுட்டேன்.

பெரியவங்களுக்கு ஒரு கொப்புளத்தோட போயிடும் சார். பச்சைக் குழந்தைக்கு அப்படி இல்லையாம். எதிர்த்து நிக்குற சக்தி அதுக்கு இன்னும் வரலையாம். உதட்டுல நிக்காம உள்ள போயிடுமாம், ஈரலுக்கு, மூளைக்கு... உயிருக்கே... டாக்டரம்மா ஒரே மூச்சுல சொன்னாங்க. ஒரு முத்தத்துல. சரி, அதை விடுங்க, நல்ல நாளும் அதுவுமா.

ஜெராக்ஸ் கடைக்காரரைத் தெரியுமா, பக்கத்துக் கடை? அவருகிட்ட மட்டும் வாயத் தொறந்துடாதீங்க. ஒரு காப்பி எடுக்கக் குடுத்தா தெருவுக்கே காப்பி குடுக்குற மனுஷன். எனக்கு உதட்டுல வந்தா நான் மாஸ்க்குப் போட்டுக்குவேன். பித்தளைத் தூசின்னு சொல்லிடுவேன். மாஸ்க்குப் போட மறந்தா பல்லு வலின்னு கர்ச்சீப்பு. முப்பது வருஷமா அவருக்கு என் பல்லு மேல ஒரே கவலை. இதுவரைக்கும் மூணு பல்லு டாக்டர் விலாசம் குடுத்திருக்காரு.

பின்ன என்ன சார் பண்றது? இந்தத் தொழில்ல உதடுதானே எல்லாம். உதட்டுல புண்ணுன்னு தெரிஞ்சா ஒருத்தன் வாத்தியத்தைக் குடுப்பானா? எச்சில்ல நடக்குற தொழில் சார் இது. இந்த ட்ரம்பெட்டுல கீழ ஒரு குட்டிச் சாவி இருக்கு பாருங்க, எதுக்கு? எச்சத் தண்ணிய வடிக்கத்தான். ஒருத்தன் ஊதினதை வாங்கி நான் ஊதுவேன், நான் ஊதினதை வாங்கி அவன் ஊதுவான். நாப்பத்தோரு வருஷம். யாருக்கு என்ன ஆச்சு? ஒருத்தன் வந்து கேட்டிருப்பானா?

ஒருத்தனும் கேட்டதில்ல.

...அவளுக்கு இடது கண்ணு சரியாத் தெரியாது சார். என் பொண்ணுக்கு. கருவிழியில ஒரு வெள்ளை மேகம் மாதிரி தழும்பு இருக்கும், கிட்ட நின்னு பாத்தாத்தான் தெரியும். சிரிச்சுப் பேசிக்கிட்டே இருப்பா, யாரும் கவனிக்க மாட்டாங்க. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை செவந்துக்கும், தண்ணியா ஊத்தும், வெளிச்சம் பாக்க முடியாது, மருந்து ஊத்தி ஆறும், மேகம் இன்னும் கொஞ்சம் கூடும். அதனாலதான் கண்ணு டெஸ்ட் பண்ற படிப்புக்கே போனா.

தூசின்னு சொல்லி வெச்சிருக்கேன். கடையில சின்னப் புள்ளையா விளையாடும்போது பித்தளைத் தூசி விழுந்துடுச்சுன்னு. வீட்டம்மாவுக்கும் அதான் தெரியும், எல்லாருக்கும் அதான் தெரியும்.

நீங்க யாரோ எவரோ. ட்ரம்பெட்டை வாங்கிட்டுப் போயிடுவீங்க. அதான் சொல்றேன். அவளுக்கு அப்போ ரெண்டரை வயசு. வீட்டம்மா வேலைக்குப் போவா, இவளை நான்தான் கடையில வெச்சுப் பாத்துக்குவேன். அழுவா. என்ன குடுத்தாலும் தூக்கிப் போடுவா. ஒரு நாள் கையில இருந்த மவுத்பீஸை ப்புர்ர்ன்னு ஊதிக் காட்டினேன். டக்குன்னு நிறுத்திட்டா! கையை நீட்டுறா. குடுத்தேன். அவளும் ப்புர்ர்ங்குறா. சிரிப்புன்னா சிரிப்பு. அப்புறம் அதான் அவளுக்குப் பொம்மை. நான் ஒரு ப்புர்ர், அவ ஒரு ப்புர்ர். நல்லா இருந்த நாள்லயும் ஊதினேன், உதட்டுல பொருக்கோடயும் ஊதினேன். யாரு கணக்குப் பாத்தா? சூட்டுக் கொப்புளம்தானே!

ஒரு வாரத்துல காய்ச்சல். வாய் முழுக்கப் புண்ணு, ஈறெல்லாம் வீங்கி, தண்ணி உள்ள இறங்கல, எச்சில் ஒழுகிக்கிட்டே இருக்கும். வாயில விரலை வெச்சுக்கிட்டு அழுவா, அதே விரலால கண்ணைக் கசக்குவா. வாய் ஆறிடுச்சு. கண்ணு செவந்துச்சு. தூசிதான் விழுந்திருக்கும்னு நினைச்சேன்... அப்போ சத்தியமா அப்படித்தான் நினைச்சேன் சார். மருந்துக் கடையில போயி செவப்பு போக ஏதாவது குடுப்பான்னு கேட்டேன். ஒரு சொட்டு மருந்து குடுத்தான். செவப்பு போச்சு. நானும் ஆஹா பிரமாதம்னு இன்னொரு பாட்டில் வாங்கினேன். பின்னாடி கண்ணு டாக்டர் சொல்றாரு, அந்த மருந்துதான் உள்ள இருக்குறதுக்குத் தீனி போட்டு வளத்துச்சாம். அப்பன் ஊட்டி விட்டது ஒண்ணு, சொட்டு விட்டது இன்னொண்ணு.

பதினாலு வயசுல பெரிய கண்ணாஸ்பத்திரிக்குக் கூட்டிக்கிட்டுப் போனேன். அந்த டாக்டர் விளக்கையெல்லாம் அடிச்சுப் பாத்துட்டு என்னைத் திரும்பிப் பாக்குறாரு. 'வீட்டுல யாருக்காவது உதட்டுல அடிக்கடி புண்ணு வருமா?' பொண்ணு பக்கத்துல உக்காந்திருக்கா, ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு. அன்னைக்குன்னு பாத்து என் உதடு சுத்தமா இருக்கு சார். கண்ணாடி மாதிரி. 'எங்க வீட்டுல யாருக்கும் அப்படி எதுவும் கிடையாதுங்க'ன்னுட்டேன். தூசி, பித்தளைத் தூசின்னேன். அவரும் எழுதிக்கிட்டாரு.

அந்தக் கிருமி மாதிரிதான் அன்னைக்குச் சொன்ன பொய்யும் உள்ள படுத்துக்கிட்டு இருக்கு. போகவும் மாட்டேங்குது.

ஆனா ஒண்ணு, அவளுக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா பேசுவாளா என்கிட்ட? போர்டு வெக்கிறதோட நிறுத்தியிருப்பாளா? தெரியவும் வேண்டாம். நான் போற வரைக்கும் தூசி தூசியாவே...

இருங்க, போனு. மூணரை ஆயிடுச்சா அதுக்குள்ள? அவதான். ஒரு நிமிஷம் சார், பில்லு இந்தா எழுதிடுறேன்.

ஆங், சொல்லும்மா... குட்டி என்ன பண்றா?... முழிச்சுக்கிட்டாளா! யாரைத் தேடுறா? தாத்தாவைத்தான் தேடுவா... ம்... ம்... அதில்லம்மா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். இன்னைக்கு வர முடியாது போலருக்கு... கடையில ஒரே கூட்டம். ஆமா. பத்துப் பேரு நிக்கிறாங்க. ஸ்கூல் பேண்டு போட்டி இருக்காம்ல, எல்லாரும் இன்னைக்கே வேணும்ங்குறாங்க. மூச்சு விட நேரமில்ல... நாளைக்கா? நாளைக்கும் இருக்கும்மா கூட்டம். அடுத்த வாரமும் கொஞ்சம்...

...என்னது?

...

காலையில ஆறு மணிலேருந்து.

...இல்ல, இன்னும் வெளிய ஒண்ணும் வரல. சும்மா குறுகுறுன்னுதான். யாரு பாத்தாலும் தெரியாது, கண்ணாடியில நானே பாத்தேன், ஒண்ணுமே தெரியல. மாஸ்க்குப் போட்டுக்கிட்டு வந்திருந்தா உனக்கே தெரிஞ்சிருக்காது... ஆமா, போட்டுக்கிட்டேன். ஆறரைக்கே போட்டேன் மாத்திரை... சரி. சரிம்மா. குட்டிய வீடியோவுல காட்டு, அது போதும். எச்சில் போன் வழியா வராதுல்ல?... இரு, இரு, சார்கிட்ட பில்லைக் குடுத்துட்டு வரேன், லைன்லயே இரு.

சார், பாத்தீங்களா? கூட்டம் எத்தனை பேருன்னு கூடக் கேக்கல. 'எப்போலேருந்துப்பா'ன்னு மட்டும் கேட்டா. இவளை வெச்சுக்கிட்டு ஒரு பொய்... சார்?

சார்!

எங்க போனாரு? காசு இருக்கு மேசையில. பெட்டியக் காணோம். ட்ரம்பெட்டு... அடக் கடவுளே. ஊதிக் காட்டினேனே! வந்ததும் ஊதிக் காட்டினேனே! சட்டையில துடைச்சு... காலையிலேருந்து குறுகுறுங்குற வாயோட...

சார்! ஏ சார்! நீலச் சட்டை! நில்லுங்க! அந்த மவுத்பீஸ்... கேக்கலையா? நில்லுங்க சார்! பையன்கிட்ட குடுத்துடாதீங்க! நான் ஊதினது! எனக்கு உதட்டுல இருக்கு சார்! ஹெர்பிஸ்! ஆமா, எனக்குத்தான்! உங்க பையன் வாயில வெச்சிடப் போறான், நில்லுங்க!

என்னய்யா பாக்குற, உன் ஜெராக்ஸைப் பாரு! ஆமாய்யா, பல்லு வலி இல்ல, முப்பது வருஷமா பல்லு வலியே இல்ல! உதட்டுப் புண்ணு! போய் எல்லாருக்கும் காப்பி எடுத்துக் குடு! அந்த நீலச் சட்டைக்காரரை நிறுத்துய்யா மொதல்ல!

அப்பாடா... நின்னுட்டாரு. திரும்புறாரு. வாங்க சார், வாங்க, நீங்க தொட வேண்டாம், பெட்டியோடவே கொண்டு வாங்க...

...ஐயோ, போனு. ஹலோ? ஹலோ, நீ இன்னும் லைன்லயா இருக்க? ...கேட்டுச்சா? ...எல்லாமேவா?

...ஆமாம்மா. ஊதிட்டேன். பழக்க தோஷம். போர்டுக்கு நேர் கீழ நின்னு ஊதினேன்... குழந்தை இன்னும் வாயில வெக்கல, ஆளு திரும்பி வந்துக்கிட்டு இருக்காரு.

...அம்மாடி. ஒண்ணு சொல்லணும். தூசி இல்லம்மா. உன் கண்ணுல விழுந்தது. கடையில இருந்த மவுத்பீஸ்தான்... நான் ஊதி, உன் கையில... ப்புர்ர்ன்னு...

...என்ன சொன்ன?

...தெரியுமா?

எப்போலேருந்தும்மா?

...பதினாலு வயசுலேருந்தா! அந்த டாக்டர் ரூம்லயேவா? நான் இல்லைன்னு சொன்னப்போ நீ பக்கத்துல உக்காந்துக்கிட்டு... ஒரு கண்ணைப் பொத்திக்கிட்டு... பத்தொன்பது வருஷமா ஒரு வார்த்தை... இப்படியும் ஒரு பொண்ணா! கேட்டுத் தொலைச்சிருக்கலாம்ல? ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம்ல?

...ம். ...ம். ...நான் அழல, இது பித்தளைத் தூசி. ...சரி. பத்து நாள், அதுக்கு மேல இன்னும் பத்து நாள், நீ சொல்ற வரைக்கும் வரல. குட்டிகிட்ட சொல்லு. போர்டு அங்கேயே இருக்கட்டும், ஆணி கெட்டியாத்தான் இருக்கு. வெக்கட்டா?

வாங்க சார். மன்னிச்சிடுங்க, ஓட விட்டுட்டேன் உங்களை. மவுத்பீஸை இந்தக் கிண்ணத்துல போடுங்க, நான் தொடல. அந்த ஷெல்ஃபுல ஸ்பிரிட்டு பாட்டில் இருக்கு பாருங்க, சீல் போட்டது... அதை மட்டும் கொஞ்சம் உடைச்சு ஊத்துங்க சார், என் கை உதட்டைத் துடைச்ச கை.